முழங்கால் உயரச் சுவர்கள்

ட்ரியர் நகருக்கு வெளியே, தூறலில், தோண்டியெடுத்த ரோமானிய வீடு ஒன்றைப் பார்க்க வந்திருக்கிறோம். இங்கே நான் தங்கியிருப்பது யாழ்ப்பாணத்துச் செல்வராணி அக்காவின் வீட்டில். அவரும் கூட வந்திருக்கிறார். சுவர்கள் முழங்கால் உயரந்தான். எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அக்கா மட்டும் சுற்றி நடந்து, வாசல் இருந்த இடைவெளியைத் தேடி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். காலுறை நனைகிறது.

பலகைகளில் விருந்தறை, படுக்கையறை, குளியலறை என்று எழுதியிருக்கிறார்கள்.

“இவ்வளவு சுவரை வைச்சு எது என்ன அறையெண்டு எப்பிடித் தம்பி கண்டுபிடிக்கினம்?”

“கல்லுல கரி படிஞ்சிருந்தா அது சமையலறை அக்கா,” என்கிறேன், பலகையில் படித்த தெம்பில்.

அவர் குனிந்து கல்லைத் தடவுகிறார்.

“ஊரிலையிருந்து எங்கட வீட்டின்ர படம் வந்தது. அதுவும் இவ்வளவு உயரந்தான் நிக்குது. சண்டையிலை செல்லடிக்குப் பயந்து சனமெல்லாம் ஓடேக்கை அப்பா படுத்த படுக்கை, தூக்க ஏலாமப் போச்சு. எலும்பையாவது எடுப்பமெண்டு அயலவை அப்பாவின்ர அறை எதெண்டு கேக்கினம். படத்தைப் பாத்துப் பாத்து எனக்கே பிடிபடேல்லை.”

கையைச் சேலையில் துடைக்கிறார்.

“எல்லா அறையும் கரிதான், தம்பி.”