லொரெட்டாவுக்குப் போட்ட நாற்காலி

என் மாமியார் பெர்னடீன் யானோச்கோவுக்குக் கார் கிடையாது. ஆனால் கார் நிறுத்த இடம் உண்டு. எனக்குக் கார் உண்டு. நிறுத்த இடம் கிடையாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இந்த அநியாயம் எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு வயது எழுபத்து மூன்று. பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் பிட்ஸ்பர்க்கில், இந்த மேட்டுத் தெருவைச் சுற்றி நாலு தெருவுக்குள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். பனி உறைந்து கிடக்கிற மேட்டில் அறுபது பிள்ளைகளோடு பேருந்தைப் பின்னோக்கியே இறக்கிக் கொண்டு வரக்கூடியவர். கடைசி இருக்கையில் யார் பபிள்கம் மெல்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். இன்றைக்கும் மளிகைக் கடையில் நாற்பது வயது ஆட்கள் அவரைக் கண்டதும் வாயில் இருப்பதை விழுங்கிவிடுகிறார்கள். வெளியூர் என்று போனது ஒரே ஒரு முறை, நயாகராவுக்கு. திரும்பி வந்து, "ஒரே சத்தம். மனுஷன் தூங்க முடியல" என்றார். அதோடு ஊர் சுற்றுவது முடிந்தது.

மாமா லெனார்ட் இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழறையில் டிவியோடு தனிக்குடித்தனம் நடத்துகிறார். சாப்பாட்டுக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் மேலே வருவார். ஒரே மகள் போலெட்டை நான் கட்டிக்கொண்டேன். மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. அத்தை வேலையை விட்ட அன்றே தன் காரை விற்றுவிட்டார். "முப்பத்தோரு வருஷம் ஊரையே ஏத்தி இறக்கியாச்சு. இனிமே யாராவது என்னைய ஏத்திட்டுப் போகட்டும்" என்றார். அந்த யாராவது நான்தான்.

பிரச்சினை என் கல்யாணத்தில் ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் கேக் பேருக்குத்தான். மரியாதையெல்லாம் குக்கி பிஸ்கட் அடுக்குகிற மேசைக்கு. அத்தைமாரும் சித்திமாரும் இரண்டு மாதம் முன்பிருந்தே மாவு பிசைந்து, ஆயிரக்கணக்கில் குக்கி சுட்டு, தட்டுத் தட்டாகக் கொண்டு வந்து அடுக்குவார்கள். யார் தட்டு முன்வரிசை, யார் தட்டு பின்வரிசை என்பதில் பரம்பரைப் பகையே வந்துவிடும். அத்தையின் அக்கா லொரெட்டா அக்ரூட் பருப்பு வைத்துச் சுருட்டிய ரோல் பன்னிரண்டு கொண்டு வந்தார். ஊரிலேயே அப்படி ஒரு ரோல் கிடையாது. அத்தை அதை வாங்கி, காபி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். தன்னுடைய ஆப்ரிகாட் குக்கியை விளக்குக்கு நேர் கீழே வைத்தார். இடம் இல்லாமல்தான் வைத்தேன் என்று இன்று வரை சாதிக்கிறார். நான் மாப்பிள்ளைக் கோலத்தில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இடம் இருந்தது.

அடுத்த மாதம், நேரில் வந்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று லொரெட்டா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவை நாலு சுற்றுச் சுற்றினார். நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி, தூரத்தில் விட்டுவிட்டு மேடு ஏறி வர முடியாது. அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உன் மேசையிலயும் எனக்கு எடமில்ல, உன் தெருவுலயும் எனக்கு எடமில்ல. சரி, விடு" என்றார். அதோடு மூன்று வருஷம் பேச்சில்லை.

மறுநாள் காலையில் அத்தை சமையலறையிலிருந்து ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டு வாசலுக்கு நேராகச் சாலையோரத்தில் போட்டார். எங்கள் ஊரில் சாலையோரம் நாற்காலி நின்றால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஒருத்தரும் தொட மாட்டார்கள். தபால் வண்டிகூட ஒதுங்கித்தான் போகும்.

"யாருக்கு அத்தை எடம் பிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பிளம்பர் வருவான்."

மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டுக் குழாய் ஒன்றுகூட ஒழுகவில்லை. நாற்காலி மட்டும் மழையிலும் பனியிலும் நின்றது. ஒருநாள் மழையில் இரண்டு கை நிறையச் சாமான் இருக்கிறதே என்று, நாற்காலியை நகர்த்திப் பதினோரு நிமிஷம் காரை அங்கே நிறுத்தினேன். அந்த வாரம் முழுக்க என் தட்டில் வெறும் உருளைக்கிழங்குதான் விழுந்தது. அக்காவுக்காகத்தான் போட்டிருக்கிறார் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அத்தையிடம் அதைச் சொல்ல எவருக்கும் தைரியம் இல்லை. அவரும் வாய் திறந்து ஒரு முறை அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் நாற்காலி போடுகிற பெண்மணி அவர்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. லொரெட்டாதான். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை முடிந்து காரோட்ட அனுமதி கிடைத்திருக்கிறதாம்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு வர்றேன். ஒரே ஒரு சுத்துதான் சுத்துவேன் பெர்னி. எடமிருந்தா எறங்குவேன். இல்லேன்னா அப்படியே போயிடுவேன். இனிமே கூப்பிடவும் மாட்டேன்."

"வா. எடமிருக்கும்" என்றார் அத்தை. போனை வைத்துவிட்டு, பிளம்பருக்கு விருந்து வைக்கிறவர் மாதிரி, கோஸ் இலையில் கறி பொதிந்து அடுப்பேற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தோம். நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நீலக் கார் நின்றது.

அத்தை கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேரே கீழறைப் படிக்கட்டில் நின்று மாமாவைக் கூப்பிட்டார்.

"லெனார்ட், நாற்காலிய எவனோ எடுத்துட்டான்."

"எந்த நாற்காலி?" என்றார் மாமா. மூன்று வருஷமாக அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி குறைவதை மனிதர் கவனித்திருக்கவில்லை.

அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அன்றைக்கு ஊரில் ஃபுட்பால் மேட்ச் வேறு. தெருவில் ஊசி நுழைய இடமில்லை. மூன்றாவது கதவு, புதிதாகக் குடிவந்த மரிசாவுடையது. கலிபோர்னியாக்காரப் பெண், வந்து நாலு நாள்தான் ஆகிறது. முன்வாசலில் பழைய செய்தித்தாள் மேல் எங்கள் நாற்காலி நின்றது. பளிச்சென்று எலுமிச்சை மஞ்சளில்.

"நல்லாருக்கா ஆன்ட்டி? ரோட்டோரம் கெடந்துச்சு. எங்க ஊர்ல ரோட்டுல வெச்சா, வேணுங்கறவங்க எடுத்துக்கங்கன்னு அர்த்தம். யாரோ நல்ல மனசுக்காரங்கன்னு நெனச்சேன்" என்றாள் மரிசா.

அத்தையின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து நான் நடுவில் புகுந்தேன். "அந்த நீலக் காரு?"

"என்னோடதுதான். நாற்காலிய எடுத்ததும் அழகா எடம் கெடச்சுது."

"இந்தாம்மா," என்றார் அத்தை, பேருந்தில் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற குரலில். "இந்தத் தெருவுல நாற்காலி நின்னா அங்க ஒரு ஆள் வர்றாங்கன்னு அர்த்தம். எங்க அக்கா வர்றா. மூணு வருஷமா வர்றா. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து பிளம்பர் போய் அக்கா வந்தது. மரிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவி எடுக்க உள்ளே ஓடினாள். பாவம், சாவி கிடைக்க ஆறு நிமிஷம் ஆனது.

நீலக் கார் நகர்ந்ததும் மேட்ச் பார்க்க வந்த ஒரு வேன் மூக்கை நீட்டியது. அத்தை தேவாலயத்துக்குப் போட்டிருந்த கம்பளிக் கோட்டோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்த இடத்தின் நட்டநடுவில் போட்டு, அதிலேயே உட்கார்ந்துவிட்டார். வேன்காரன் ஹாரன் அடித்தான். அத்தை அவனை உற்றுப் பார்த்தார். அவன் சின்ன வயதில் அவருடைய பேருந்தில் போயிருக்க வேண்டும். உடனே பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஆன்ட்டி," என்றாள் மரிசா மெதுவாக. "அது எனாமல் பெயிண்ட். காலைலதான் அடிச்சேன்."

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு லொரெட்டாவின் பழுப்புக் கார் மேடு ஏறி வந்தது. தங்கைக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"எந்திரி பெர்னி. வண்டிய நிறுத்தணும்."

"முடியலக்கா."

"இன்னும் வீம்பா?"

"வீம்பு இல்ல. ஒட்டிக்கிச்சு."

லொரெட்டா தங்கையைப் பார்த்தார், மஞ்சள் நாற்காலியைப் பார்த்தார், தங்கை எழுந்திருக்க முயன்றதும் நாற்காலியும் கூடவே எழுந்திருப்பதைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அத்தைக்கும் தாங்கவில்லை, நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினார். பின்னால் நாலு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நானும் மரிசாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அத்தையை உட்கார்ந்த வாக்கிலேயே பல்லக்கு மாதிரி நடைபாதைக்குத் தூக்கி வைத்தோம். லொரெட்டா ஒரே திருப்பில் காரை நிறுத்தினார். அதைப் பார்த்து அத்தை, "கொஞ்சம் கோணல்" என்றார்.

கோட்டை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். மேசையில் அக்ரூட் ரோல், லொரெட்டாவின் பக்குவப்படி அத்தை சுட்டது, விளக்குக்கு நேர் கீழே இருந்தது. லொரெட்டா ஒரு துண்டு வாயில் போட்டு மென்றார்.

"காஞ்சு போச்சு" என்றார். பிறகு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆனதும் கிளம்புவார் என்று வாசல் கதவைத் திறந்து நின்றேன். அவர் ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார். "இப்படி ஒரு எடம் கெடச்சா யாராவது வண்டிய எடுப்பாங்களா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. அந்தக் கார் ஒரு சாண்கூட நகரவில்லை. நான் இன்னமும் மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு மேடு ஏறித்தான் வருகிறேன். காலையில் இறங்கி வந்தால் சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, யார் வீட்டுக் குக்கி எப்படி இருந்தது என்று பழைய கல்யாணங்களை எல்லாம் கிழித்துக்கொண்டிருப்பார்கள். நேற்றுக் காலையில் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"பெரியத்தை, உங்க வீட்டுப் பூனைக்கு யாரு சோறு வைக்கிறா?"

"பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் போகணும்னுதான் இருக்கு மாப்ள. ஆனா நான் வண்டிய எடுத்தா எடம் போயிடுமே. அப்புறம் எங்க வந்து நிக்கிறது?"

"ஆமா, போயிடும்" என்றார் அத்தை, அக்காவின் கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே.

இடம் பிடிக்க ஒரு நாற்காலி போதும் என்று இருவருக்கும் தெரியும். அந்த மஞ்சள் நாற்காலியில்தான் லொரெட்டா உட்கார்ந்திருந்தார்.