வேதாந்தம் எழுதிக் கொடுத்த சான்றிதழ்

ஷண்முகப்ரியா டாக்டருக்குக் கோபமே வராது என்பார்கள். வரும். ஆனால் அவசரப்பட்டு வராது. கூடவே இருந்த தங்கபுஷ்பம் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டியே முழங்கால் தேய்ந்துபோன மனுஷரின் மகள் அவர். பி.டி.எஸ். முடித்து, மயிலாப்பூரில் டாக்டர் வேதாந்தத்தின் கிளினிக்கில் சேர்ந்தார். நான் அங்கே உதவியாள். ரூட் கேனால் முழுக்க ப்ரியா டாக்டர் செய்வார். கடைசியில் வேதாந்தம் வந்து, வாய்க்குள் கண்ணாடியை விட்டு ஒரு பார்வை பார்ப்பார். "வேதாந்தம் கைராசி யாருக்கு வரும்!" என்று மாமிகள் மெச்சிக்கொண்டு போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறு வருஷம் இதே கூத்து. போர்டில் ப்ரியா டாக்டர் பெயர் இல்லை, எந்தச் சீட்டிலும் அவர் கையெழுத்து இல்லை.

பிறகு மலாவியில் ஓர் ஆஸ்பத்திரி அவரைக் கூப்பிட்டது. லட்சக்கணக்கான ஜனங்களுக்கு ஒரே ஒரு பல் டாக்டர் இருக்கும் நாடு. அனுபவச் சான்றிதழ் மட்டும் அனுப்பச் சொன்னார்கள். ப்ரியா டாக்டர் வேதாந்தத்திடம் போய்க் கேட்டார்.

எழுதிக் கொடுத்தால் இத்தனை நாளும் யார் கை என்பது வெளியே வந்துவிடுமே! வேதாந்தம் சிரித்தார்.

"நீ இங்க வேலை பார்த்தேன்னு எங்கேம்மா இருக்கு? சும்மா கத்துண்டிருந்தே, அவ்ளோதான். லஸ்லேர்ந்து கோயில் குளம் வரைக்கும் எண்ணிப் பாரு, எத்தனை டென்டிஸ்ட்னு! நீ போனா நாளைக்கே பத்துப் பேர் வந்து நிப்பா."

மலாவி வேலை போயிற்று. ப்ரியா டாக்டர் அழவில்லை. "இவர் கையாலயே எழுத வைக்கிறேன் பாரு, புஷ்பம்" என்றார். அடையாறில் ஒற்றை நாற்காலியோடு கிளினிக் திறந்தார். நானும் வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, போன ஆவணியில், கன்னம் பூரி மாதிரி உப்பிப்போய் வேதாந்தம் வந்து நின்றார். எனக்குக் குளுகுளு என்றிருந்தது, பொய் சொல்வானேன்! எட்டாவது டோக்கனைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

முறை வந்ததும் அவர் முனகினார். "கடவாய்ப் பல், ப்ரியா. ரூட் கேனால் பண்ணணும். வேற எவன்கிட்டயும் வாயைத் திறக்கப் பயமா இருக்கு."

"லஸ்லேர்ந்து குளம் வரைக்கும் அத்தனை பேர் இருக்காங்களே, சார்? எனக்கு ஒருநாள் அனுபவம்கூட இல்லையே. நீங்கதானே சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன்.

"லெட்டர்பேடு பையிலதான இருக்கும் சார்? எடுங்க" என்றேன்.

வலியில் எழுத்து கோணிக்கொண்டு போனது. ஆறு வருஷமும் தன் கிளினிக்கில் ரூட் கேனால் எல்லாம் செய்தது ஷண்முகப்ரியாதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மலாவிக்கு அனுப்பப் போறியா?"

"அங்க எப்பவோ வேற ஆள் வந்தாச்சு, சார். புஷ்பம், ஸ்டூலை எடு."

நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் அந்தச் சான்றிதழை ஒட்டினேன். ப்ரியா டாக்டர் நாற்காலியைச் சாய்த்தார், மரத்துப்போக ஊசி போட்டார், வேலையைத் தொடங்கினார். வாயைப் பிளந்தபடி அண்ணாந்து கிடந்த வேதாந்தம் கண்களை இறுக்கிக்கொண்டார்.

"கண்ணை மூடாதீங்க, சார்" என்றார் ப்ரியா டாக்டர். "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."