செருப்புகள் நின்ற வரிசை

காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் வளைகுடாவில் கடை வைத்திருக்கிறார். தேர்தல் பேச்சு எழுந்தால் போதும், அவரிடமிருந்து குரல் பதிவு வந்துவிடும். போன வாரம் வந்ததை டீக்கடையில் இருந்தபோது கைதவறிச் சத்தமாகப் போட்டுவிட்டேன். "அண்ணாச்சி, பிள்ளைய இங்கன இருந்தே பாக்குதோம், வீட்டுக்கு அரிசி பருப்பு இங்கன இருந்தே வாங்கிப் போடுதோம். ஒத்த ஓட்ட மட்டும் இங்கன இருந்து போட முடியாதாக்கும்?"

கடை பற்றிக்கொண்டது. வாங்குகிற ஓட்டுக்குத் தக்கபடி கட்சிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். முதலில் கட்சிக்குள்ளே ஒழுங்காகத் தேர்தல் நடத்தட்டும், அப்புறம் நாட்டுக்கு நடத்தலாம் என்றார் இன்னொருவர். மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி சீட்டுக்கே போக வேண்டும் என்றார் வடை போடுகிறவர். எனக்கும் கருத்து உண்டுதான். சொல்ல இடைவெளி கிடைத்தால்தானே. சும்மா என் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன தேர்தலில் வைத்த மை நகத்தின் நுனிவரை நகர்ந்து, இனி வெட்டினால் போய்விடும் நிலையில் இருந்தது.

அந்த மைக்கும் எனக்கும் பழைய பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆலந்தலைக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னை வாக்குச்சாவடி வேலைக்குப் போட்டார்கள். சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிற காலம். வருகிறவர் விரலில் மை வைப்பது என் பொறுப்பு. மை பாட்டிலைத் திறந்தாலே ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். மத்தியானத்துக்குள் ஊர்க்காரர்களுக்கு வைத்ததைவிட எனக்கு நானே வைத்துக்கொண்டதுதான் அதிகம். அந்தக் கையோடு சோற்றைப் பிசைய பயமாக இருந்தது.

எங்களுக்கு மேலதிகாரி சண்முகையா சார். எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டு ஆள். கடல் என்றால் திருச்செந்தூரில் குளித்ததோடு சரி. விதிப் புத்தகத்தை மட்டும் மடியிலிருந்து இறக்கவே மாட்டார்.

அந்த ஊருக்கு ஒரே கோரிக்கை, தூண்டில் வளைவு. அலை கரையை அரித்துக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கத் தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கல்லைக் கொட்டி ஒரு சுவர் வேண்டும். ஆண்ட கட்சி கட்டவில்லை. எதிர்க்கட்சி கட்டுவதாகச் சொன்னது. ஊரின் ஓட்டு எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். ஆண்ட கட்சியின் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்த மிக்கேலுக்கும் தெரியும். அவரும் அந்த ஊர் மீனவர்தான்.

அன்று சாளை மீன் வந்திருந்ததால் ஆண்கள் விடியுமுன்னே கடலுக்குப் போய்விட்டார்கள், உச்சிக்குள் திரும்பிவிடலாம் என்று. கச்சான் காற்று கெடுத்துவிட்டது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று அது, பாய் கட்டிய வள்ளத்தைக் கரைக்கு விடாது.

கடலுக்குப் போகிறவர்கள் செருப்பை மணலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வள்ளம் ஏறுவார்கள். சாயங்காலம் சூசையம்மாள் என்கிற அக்கா அந்தச் செருப்புகளை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்து, ஓட்டு வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக வைத்தார். "இது எங்க வீட்டு ஆளு. இது கொழுந்தன். தண்ணிக்குழாயில கொடத்த வச்சு எடம் புடிக்கோம்லா, அது மாதிரிதான் சார். வந்துருவாவ." அதைப் பார்த்து மற்றப் பெண்களும் கொண்டுவந்து வைத்தார்கள். வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும் ரப்பர் செருப்புகள் ஓட்டுப் போட நின்றன.

மிக்கேல் எழுந்துவிட்டார். "சார், செருப்புக்கெல்லாம் ஓட்டு கெடையாது. நான் ஆட்சேபிக்கேன்."

நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுக்க வேண்டும், அதுவும் கடைசி ஆளிலிருந்து தொடங்கி. அந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் நேரம் கழிந்தும் ஓட்டுப் போடலாம். அதுதான் விதி. கடைசியில் நின்றதோ வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு ஜோடி. சண்முகையா சார் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அந்தா பாருங்க, பாய் தெரியுதுல்லா? கடல்ல வரிசையாத்தான் நிக்காவ" என்றார் சூசையம்மாள்.

"கேட்டுக்குள்ள நிக்கணும்மா. காலோட நிக்கணும்." சாரின் குரல் கெஞ்சியது.

திரும்பிப் பார்த்தால் மிக்கேலின் நாற்காலி காலி. கட்சி ஆட்களைக் கூட்டிவரப் போயிருக்கிறார், சண்டைதான் என்று நினைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அலைக்கு அப்பால் வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி நங்கூரம் போட்டுவிட்டு, ஆண்கள் கடலில் குதித்து நீந்தி வந்துகொண்டிருந்தார்கள். கட்சிக்கரை வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று, கயிற்றை வீசி வீசி அவர்களை அலைக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார் மிக்கேல். அவர் இழுத்த ஒவ்வொருவரும் அவர் கட்சிக்கு எதிராக விழப்போகும் ஓட்டு.

ஓடி வந்தவர்கள் முட்டி மோதவில்லை. அவரவர் செருப்பைத் தேடி, அதில் காலை நுழைத்து நின்றுகொண்டார்கள். செருப்புகளுக்கு ஆள் முளைத்தது. வரிசை அப்படியே இருந்தது. சண்முகையா சார் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு, கடைசியிலிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு ஜோடி முன்னால் மட்டும் கை நின்றது. சூசையம்மாளின் வீட்டுக்காரர் அருளப்பனுடையது. எல்லாரையும் அனுப்பிவிட்டு, வள்ளங்களுக்குக் காவலாக அவர் கடலிலேயே இருந்துவிட்டாராம். சார் அந்தச் செருப்பைத் தாண்டி நடந்தார்.

ஈர விரலில் மை பிடிக்கவில்லை. பெண்கள் கேட்டுக்கு வெளியேயிருந்து உலர்ந்த சாரங்களை, அதாவது கைலிகளை வீச, ஆண்கள் விரலைத் துடைத்துத் துடைத்து நீட்டினார்கள். தரையெல்லாம் உப்புத்தண்ணீர். ஒரு கோயிலுக்குள்ளும் எனக்கு அப்படிப் பயபக்தி வந்ததில்லை. மிக்கேல் சொட்டச் சொட்ட வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க கட்சியில கேட்டா?" என்றார் சார். "கேக்கட்டும் சார். நாளைக்கு இவனுவகூடத்தான நான் கடலுக்குப் போணும்."

பெட்டிக்குச் சீல் வைத்து முடித்தபோது, காவல் மாற்ற ஆள் போன பிறகு, அருளப்பன் வந்தார். ஓட்டுக் கேட்கவில்லை. என் முன்னால் விரலை நீட்டினார். "மையாவது வைங்க தம்பி. ஊருல எல்லா வெரல்லயும் இருக்கு." சாரைப் பார்த்தேன். சார் தலையசைத்து மறுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஊரில் ஓட்டே இல்லாத என் கையெல்லாம் மை. அவர் விரல் சுத்தமாக இருந்தது. "சரி, அடுத்த தடவ" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நண்பருக்கு அன்று ராத்திரி பதில் அனுப்பினேன். எந்த முறையை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், தூரத்தில் பாடுபடுகிறவனுக்கும் ஓட்டு வந்து சேர வேண்டும், அருளப்பன் என்று ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அந்த மீனவர்கள் நீந்தி வந்து ஓட்டுப் போட்ட கட்சிதான் அப்போது ஜெயித்தது. தூண்டில் வளைவு வரவில்லை. அடுத்து வந்தவர்களும் கட்டவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் அலை அடிக்கிறது. எஞ்சின் படகுகளை வேறு ஊர்க் கரையில் நிறுத்திவிட்டு, ஆண்கள் காலையில் ஷேர் ஆட்டோவில் கடலுக்குப் போகிறார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போக அந்த ஊரில் மணல் இல்லை.