விஜயலெட்சுமி தேர்ந்தெடுத்த பாட்டு வகுப்பு

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமிக்குக் காதுதான் கண். பனி மூடினால் பக்கத்து ஆள் தெரியாத மலை அது. பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இறங்குவார்கள். எந்த நிரையில் யார் நிற்கிறாள் என்று குரலை வைத்தே அவள் சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் மகள் விதுர்ஷாவுக்குப் பாட்டு வகுப்புத் தேடினால் லேசில் விடுவாளா? ஒவ்வொரு வகுப்பின் வெளியேயும் நின்று காது கொடுத்தாள். பதுளையில் லிங்கம் மாஸ்டரின் பிள்ளைகள் ஆளுக்கொரு குரலில் பாடினார்கள். சந்தை மாதிரி இருக்கிறது என்று திரும்பிவிட்டாள். அப்புத்தளையில் துவாரகா டீச்சரின் வாசலில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. எட்டிப் பார்த்தால் உள்ளே பதினொரு பிள்ளைகள். கொழுந்து ஒரே அளவாக இருந்தால்தான் தரம் என்று பழகிய மனசு அவளுக்கு. அங்கேயே சேர்த்தாள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூடத் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அவள் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தியிருக்க வேண்டும்.

டீச்சருக்கு ஒரு பழக்கம். பாடுவதற்கு முன்னால் தொண்டையை இரண்டு முறை மெல்லச் செருமுவார். மூன்றாம் மாதம் விதுர்ஷாவும் செருமினாள். டீச்சர் மேல் அவ்வளவு பக்தியா என்று விஜயலெட்சுமி கேலி செய்தாள். மகள் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மாலை, வகுப்பு விடும் நேரம் பார்த்துப் பனி இறங்கியது. ரோடே தெரியவில்லை. காத்திருந்த தாய்மார் அவரவர் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவளும் கூப்பிட்டாள். பனிக்குள் இரண்டு செருமல். பிறகு, "அம்மா, இங்க இருக்கேன்." இடது பக்கமும் அதே குரல். பின்னாலும் அதே குரல். பன்னிரண்டு இடத்திலிருந்தும் டீச்சரின் குரல்.

மலை முழுக்க ஆள் அடையாளம் சொன்னவளுக்குப் பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை. தலை தலையாகத் தடவி, காலையில் தான் போட்ட இரட்டை முடிச்சு ரிப்பனைப் பிடித்துத்தான் மகளைக் கண்டுபிடித்தாள்.

லயத்து வீட்டுக்கு வந்ததும், இனி லிங்கம் மாஸ்டரிடமே போகலாம் என்றாள். விதுர்ஷா தலையாட்டினாள்.

"ஒன் பழைய கொரல்ல ஒருதரம் அம்மான்னு கூப்புடு சாமி."

விதுர்ஷா வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய மறுபடியும் முயன்றாள்.

தொண்டையை இரண்டு முறை செருமிவிட்டுத்தான் அவளால் கூப்பிட முடிந்தது.