கடைசி வரி வரைக்கும் மெடிசின்

சைபர் கஃபே கதவைத் திறந்தாலே ஏர்கோன் குளிரோடு மீ கோரெங் நூடுல்ஸ் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். புந்தோங்கில் எங்கள் தெருமுனையில்தான் இருந்தது அந்தக் கடை...

அன்றைக்கு அப்பா லோரியை நிறுத்திவிட்டு நேராக அங்கேயே வந்துவிட்டார். சிம்பாங் பூலாய் மலையில் கல் ஏற்றுகிற லோரி. தலை, மீசை எல்லாம் சுண்ணாம்புத் தூள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.டி.பி.எம் ரிசல்ட் எனக்கு நன்றாக வந்திருந்தது. அரசாங்க யூனிவர்சிட்டிக்கு ஓன்லைனில் அப்ளை பண்ண வேண்டும். எந்தெந்தப் படிப்பு வேண்டும் என்று மேலிருந்து கீழே வரிசையாகப் போட வேண்டும்.

எங்கள் ஃபார்ம் சிக்ஸ் டீச்சர் சிலோன்காரர். முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

"மேலே மெடிசின் போடு பிள்ளை. கீழே நிச்சயமாக் கிடைக்கிற மாதிரி டீச்சிங் ஒண்டையும் போட்டு வை."

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"வேணாம்லா. கீழ ஒன்னு போட்டா அதத்தான் தூக்கிக் குடுப்பானுங்க."

"டீச்சர் சொன்னாங்கப்பா..."

"டீச்சருக்கு என்னா தெரியும்? நான் தோட்டத்துல ஆபீஸ் வேல கேட்டேன். இல்லாட்டி வெளிக்காட்டு வேலயாச்சும் குடுங்கன்னு வாய விட்டுட்டேன். என்னா கெடச்சுது? புல்லு வெட்டத்தான் அனுப்புனானுங்க."

கடைசி வரி வரைக்கும் மெடிசின்தான் போட்டேன். யூனிவர்சிட்டி பெயர் மட்டும்தான் மாறியது. அப்பா கடைக்காரருக்கும் சேர்த்து தே தாரிக் டீ வாங்கினார்.

முடிவு வந்த அன்றைக்கும் அதே கடை...

திரையில் மலாயில் இரண்டே வரி. 'டுக்காச்சித்தா', அதாவது வருந்துகிறோம், என்று ஆரம்பித்தது. ஒரு இடமும் கிடைக்கவில்லை.

"ஐ.சி. நம்பரு சரியா போட்டியாம்மா? இன்னொரு தடவ போடு."

போட்டேன். அதே வரி.

"இரு... நான் சொல்றேன், நீ போடு."

என் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பீல் போட்டோம், அதுவும் அப்படியே. பிரைவேட் காலேஜெல்லாம் எங்களுக்கு எட்டாது. டீச்சிங் போட்டு வைத்த என் தோழி மீனா யூனிவர்சிட்டிக்குப் போனாள். நான் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினேன்.

நான் ஷிஃப்ட் முடிந்து உள்ளே நுழைந்தால் அப்பா எழுந்து அறைக்குப் போய்விடுவார். கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தார். யூனிவர்சிட்டி கிடைக்காததைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இந்த வருடம் என் மகளின் முறை. சோஃபாவில் சாய்ந்தபடி ஃபோனிலேயே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டாள். கீழே நிச்சயமானது ஒன்றாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழே எல்லாமே நிச்சயமானவைதான்.

"மெடிசின் எங்கம்மா? ஆசைன்னு சொன்னியே... ரிசல்ட்டும் நல்லாதானே இருக்கு?"

"எதுக்கும்மா? போட்டுட்டு, கெடைக்காம, தாத்தா மாதிரி ரூமுக்குள்ள போயி உக்காந்துக்கவா? இதுன்னா கண்டிப்பா கெடைக்கும்லா."

கிடைத்தும் விட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

அன்றைக்கு எங்களுக்கு இடம்தான் கிடைக்கவில்லை. ஆசைப்பட்டதை மேலே போடுகிற துணிச்சலாவது இருந்தது... என் பிள்ளைக்கு அதுவும் இல்லாமல் போய்விட்டது.

நேற்று லட்டு வாங்கி வந்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றாள்.

சந்தோஷமா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.