அதிதூதருக்குக் கோதுமை

பெர்சிதா கோதுமையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அகலமான எனாமல் பேசினுக்குள் முழங்கை வரை விட்டு அளைந்து, மேலே மிதந்த உமியையும் சொத்தை மணிகளையும் விரல் நுனியால் ஒதுக்கி, தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள். தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடுவதாக இல்லை. அடுப்பில் பெரிய பானை காத்திருந்தது. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். வெந்த கோதுமையை அதில் பரப்பி ராத்திரி முழுக்க உலரவிட வேண்டும். காலையில் வால்நட்டோடு சேர்த்து அரைக்க வேண்டும்.

விறகைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமிருந்து வந்த அவள் கணவன் ராதிசாவ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அது?"

"பாத்தா தெரியல?"

"தெரியுது. அதனாலதான் கேக்கறேன். யார் செத்துட்டாங்க?"

"இதுவரைக்கும் யாரும் இல்ல. நீ கதவைச் சாத்தாம இப்படியே நின்னா, குளிர்ல நாம ரெண்டு பேரும்."

அவன் கதவைச் சாத்தினான். விறகை அடுப்போரமாக இறக்கிவிட்டு, பானையை ஒருமுறை, பேசினை ஒருமுறை பார்த்தான்.

"நாளைக்கு தம்பி திஹோமிர் வரான்," என்றான் மெதுவாக.

"தெரியும். எப்பவும் வரான், எப்பவும் சாப்பிடாமப் போறான். இந்தத் தடவை சாப்பிட்டுத்தான் போகணும்."

"அதுக்கு இதையா செய்வ? பட்ட இடத்துலயே போய் மறுபடியும் கைய வெக்கறியே, மனுஷி."

பெர்சிதா குழாயை மூடினாள். பேசினைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள்.

மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் வீட்டுக்கு ஒரு புனிதர் உண்டு. அப்பனிடமிருந்து மகனுக்கு நிலம் வருவதுபோல அவரும் வருவார். அவருடைய நாள்தான் ஸ்லாவா. மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டியைச் சிலுவையாகக் கீறித் திராட்சரசம் ஊற்றி, வேகவைத்த கோதுமையை இனிப்பாக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அதில் ஒரு ஸ்பூன் கொடுப்பார்கள். பெர்சிதா பிறந்தது புனித நிக்கோலாஸ் வீட்டில். கோதுமை இல்லாத ஸ்லாவாவை அவள் கண்டதேயில்லை. வாக்கப்பட்டு வந்தது அதிதூதர் மிக்கேல் வீட்டுக்கு. அங்கே கணக்கு வேறு. கோதுமை செத்தவர்களுக்கு, செத்துப்போன புனிதர்களுக்கு. மிக்கேலோ தேவதூதர், சாவே இல்லாதவர். உயிரோடு இருப்பவருக்கு யாராவது கோதுமை வேகவைப்பார்களா?

இதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை, தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது சொல்லித் தருவார்களா என்ன? கல்யாணமான முதல் நவம்பரில், மாமியாரை அசத்திவிட வேண்டும் என்று, வீடு தூங்கின பிறகு எழுந்து கோதுமை வேகவைத்தாள். தன் அம்மா செய்வதுபோலவே ஜாதிக்காய் துருவிப் போட்டாள். மேலே பொடித்த சர்க்கரையைத் தூவிப் பரப்பி, வால்நட் பருப்பால் சிலுவை வைத்தாள். காலையில் மாமியார் ஸ்தாமெனா அடுக்களைக்குள் வந்தார். மருமகள் முகத்தில் பூரிப்பு. மாமியார் தட்டைப் பார்த்தார்.

"எங்க அதிதூதரைச் சாகடிச்சுட்டியா, பொண்ணே?"

அவ்வளவுதான் கேட்டார். கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூண்டுக்கு முன்னால் கவிழ்த்தார். சிலுவையை மட்டும் கலைத்துவிட்டுக் கவிழ்த்தார், கோழி சிலுவையைக் கொத்தக் கூடாது என்று. பெர்சிதா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோழிகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அது அதோடு போயிருக்கும், அடுத்த நாளைக்கே சிரித்துப் பேசியிருப்பார்கள். ஆனால் அடுத்து வந்த ஜனவரியில் மாமனார் விறகு பிளக்கும்போது கோடரியோடு சாய்ந்து விழுந்தார். வைத்தியர் இதயம் என்றார். உடம்பு கூடத்தில் கிடக்கும்போது ஸ்தாமெனா அடுக்களைக்கு வந்து, "இப்ப வேகவை. இப்ப வேணும்," என்றார். பெர்சிதா வேகவைத்தாள். அப்போது அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றவன் கொழுந்தன் திஹோமிர், மீசை அரும்புகிற வயசு. அம்மா சொன்னதைக் கேட்டான். அண்ணியின் கையைப் பார்த்தான். பிறகு வெளியே போய்விட்டான்.

அடுத்த ஸ்லாவாவில் மெழுகுவத்தி ஏற்றியதும் ரொட்டியைச் சுற்றிப் பிடித்து அண்ணனோடு சேர்ந்து திருப்பினான், பிட்டான், முத்தமிட்டான். எல்லோரும் மேஜையில் உட்கார, அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் ஜெர்மனிக்கு லாரி ஓட்டப் போனான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனிக் குடும்பம் இல்லாததால் அண்ணன் வீட்டு மெழுகுவத்திதான் அவன் மெழுகுவத்தியும். ஒவ்வொரு நவம்பரும் பஸ் ஏறி வந்தான். ஒவ்வொரு நவம்பரும் சாப்பிடாமல் போனான். ஸ்தாமெனா இறந்த பிறகும் அப்படியே.

வேறு யாருக்காவது இது சின்ன விஷயமாக இருந்திருக்கலாம். பெர்சிதா சமையற்காரி. திருகாணித் தொழிற்சாலை கேன்டீனில் வாழ்க்கையில் பாதியைக் கழித்தவள்.

அந்த கேன்டீனை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது நீராவிதான். குளிர்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் மங்கி, வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் நிழல் நிழலாகத் தெரிவார்கள். அலுமினியத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். எண்ணெய்க் கறை படிந்த விரல்கள் நீளும். "பெர்சிதா, அடியிலிருந்து போடு!" என்பான் ஒருவன். "அடியில இருக்கறது உனக்கு இல்ல, அது உழைக்கறவனுக்கு," என்பாள் அவள். வரிசை முழுக்கச் சிரிக்கும். திருடப்பட்ட சைக்கிள், பிரசவம், கால்பந்து எல்லாச் செய்தியும் அந்த வரிசையில்தான் முதலில் வரும். இன்று அந்த முற்றத்தில் பாப்ளார் மரங்கள் முளைத்துக் கூரையைத் தாண்டி நிற்கின்றன. பெர்சிதா அந்தப் பக்கம் போக நேர்ந்தால் மூச்சை இழுத்துப் பார்ப்பாள், வெங்காயம் வதங்கும் வாசனை வராதா என்று. வராது.

கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் கோவிலுக்குப் போகிறேன் என்று யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரிய வெள்ளி வந்தால் வரிசையில் குரல்கள் தணிந்துவிடும். அன்றைக்கு பெர்சிதா இரண்டு பானை பீன்ஸ் வைப்பாள். ஒன்றில் புகைபோட்ட விலா எலும்பு கிடக்கும். மற்றதில் வெங்காயமும் எண்ணெயும் மட்டும். "கசாப்புக்காரன் ஏமாத்திட்டான், பாதிக்குத்தான் கறி வந்துச்சு," என்று அறிவித்துவிடுவாள். கசாப்புக்காரன் வருஷா வருஷம் சரியாகப் பெரிய வெள்ளியன்று ஏமாற்றினான். ஒருமுறை தொழிற்சாலை இயக்குநரே வந்தார், கோட்டில் கட்சிச் சின்னம். தட்டை நீட்டி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "எனக்கு வயிறு சரியில்ல, அந்தப் பானையிலிருந்து போடுங்க," என்றார். அவருக்கு அடியிலிருந்து அள்ளிப் போட்டாள்.

ஊருக்கெல்லாம் நோன்புச் சோறு போட்டவள், தானும் எல்லா நோன்பும் இருந்தாள். ஆனால் நற்கருணை வாங்கப் போகவில்லை. மாமனாரை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒருமுறைகூட இல்லை. பூசை முடியும் நேரம் பாதிரியார் கிண்ணத்தோடு வெளியே வருவார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்வார்கள். பெர்சிதா தூண் பக்கம் ஒதுங்கி மெழுகுவத்திகளைச் சரிசெய்வாள். கட்டையாகிப் போனவற்றைப் பிடுங்கி வாளியில் போடுவாள். அந்தக் கோவிலில் மெழுகுவத்தி அவ்வளவு சுத்தமாக எரிந்தது வேறு எந்தக் காலத்திலும் இல்லை.

ஸ்லாவாவுக்கு முன் பாதிரியார் வீட்டுக்கு வந்து தண்ணீர் மந்திரிப்பது வழக்கம். ரொட்டி மாவு அந்தத் தண்ணீரில்தான் பிசைய வேண்டும். இந்த வருஷம் வந்தவர் புதுப் பாதிரியார் காவ்ரிலோ, அவளுக்கு மகனாகும் வயசுதான் இருக்கும். துளசிக் கொத்தால் தண்ணீர் தெளித்து முடித்ததும் அடுக்களையிலேயே உட்கார்ந்து காபி குடித்தார்.

"கோதுமை எப்ப கோவிலுக்குக் கொண்டு வருவீங்க, அம்மா?"

"எங்க வீட்ல கோதுமை கிடையாது, ஃபாதர். அதிதூதர் உயிரோட இருக்காரே."

அவர் சிரித்துவிட்டார். "இந்தத் தெருவுல இதைக் கேக்கறது மூணாவது வீடு. கோதுமை அதிதூதருக்கு இல்லம்மா. அவருக்கு எதுக்கு? அது இந்த வீட்ல இருந்து போனவங்களுக்கு. மண்ணுக்குள்ள போடறோம், மறுபடி வருது இல்ல? அதுக்காக."

பெர்சிதா காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு முழுக்கதையையும், கோழியிலிருந்து தொப்பி வரை, நின்றுகொண்டே சொன்னாள். பாதிரியாரின் காபி ஆறிப்போனது.

"கிறிஸ்துமஸுக்கு நற்கருணைக்கு வாங்க," என்றார் கடைசியில்.

"மனசுல பகை வெச்சுக்கிட்டு வரக்கூடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க."

"பகை இருக்கா?"

"அவனுக்கு இருக்கு."

"நான் உங்களைக் கேட்டேன்."

அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஊர்ச் சரீரத்துக்கெல்லாம் குறைவில்லாமப் போட்டீங்க," என்றார் காவ்ரிலோ எழுந்துகொண்டே. "உங்க ஆத்துமா எத்தனை வருஷமாப் பட்டினி கிடக்கு, அதைப் பாருங்க."

அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் சமையற்காரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவன் அவள் மேஜையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும். பிறகு அவள் தூணை விட்டு வெளியே வருவாள். அப்படித்தான் அவள் தனக்குள் முடிவு செய்துவைத்திருந்தாள்.

ஸ்லாவா வெள்ளிக்கிழமை விழுந்ததால் கறி இல்லை. பொரித்த கெண்டை மீன், ஊறவைத்த முட்டைக்கோஸ், கேன்டீனில் பெரிய வெள்ளியன்று வைப்பதுபோல வெங்காயமும் எண்ணெயும் மட்டும் போட்ட பீன்ஸ். காலையிலேயே கோவிலுக்குப் போய் ரொட்டிக்கும் கோதுமைக்கும் ஆசி வாங்கி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தம்பதி வந்தார்கள். கோதுமைத் தட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாலும், ஆளுக்கொரு ஸ்பூன் எடுத்துச் சிலுவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, எச்சில் ஸ்பூனைத் தண்ணீர் தம்ளரில் போட்டார்கள்.

"அட, நல்லாத்தானே இருக்கு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இத்தனை வருஷமா ஏன்டி செய்யல?"

"சர்க்கரை விலை ஏறிடுச்சு," என்றான் ராதிசாவ்.

திஹோமிர் வந்தபோது பெர்சிதா தட்டோடு வாசலில் நின்றாள். அவன் தொப்பியைக் கழற்றினான். தலை முழுக்க நரைத்திருந்தது, போன வருஷமும் நரைத்துத்தான் இருந்திருக்கும், அவள்தான் கவனித்திருக்கவில்லை. தட்டைப் பார்த்தான்.

"அண்ணி, நம்ம வீட்ல இது வழக்கமில்லையே."

"ஒரு தடவை செஞ்சிருக்கேன். அப்ப கோழி சாப்பிட்டுது. இந்தத் தடவை மனுஷங்க சாப்பிடட்டும்னு பாத்தேன்."

உள்ளே ராதிசாவ் இருமினான். திஹோமிரின் வாயோரம் லேசாக இழுத்தது, சிரிப்பா என்று சொல்ல முடியாது. சிலுவை போட்டான். ஸ்பூன் நுனியில் கொஞ்சமாக எடுத்தான். மென்றான், விழுங்கினான். "ஜாதிக்காய் தூக்கலா இருக்கு," என்றான். ஸ்பூன் தம்ளருக்குள் விழுந்தது.

மெழுகுவத்தி ஏற்றினார்கள். அண்ணனும் தம்பியும் ரொட்டியைக் கையில் வைத்துச் சுற்றினார்கள், பிட்டார்கள், முத்தமிட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரக் கூடாது. ராதிசாவ் பிளம் சாராயப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் தட்டை இழுத்துக்கொண்டார். திஹோமிர் கதவருகே போய் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தான்.

ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால்தான் வருவான் என்றால் அவன் உறவே இல்லை. வந்தவனை உட்கார் என்று சொல்வதும் இல்லை. அவன் வீடு, அவன் மேஜை, அவனே உட்காருவான். பெர்சிதாவும் ஒருநாளும் யாரையும் சொன்னதில்லை. பீன்ஸ் பாத்திரம் கையைச் சுட்டது. தொப்பி அவன் தலைக்குப் போனது.

"உக்காரு, திஹோமிர்."

பக்கத்து வீட்டுக்காரி கரண்டியைப் பாதியிலேயே நிறுத்தினாள். தொப்பி விளிம்பில் வைத்த கையோடு திஹோமிர் திரும்பிப் பார்த்தான். பிறகு தொப்பியை மறுபடி ஆணியில் மாட்டினான். மேஜைக் கோடியில் சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் போட்டாள், அடியிலிருந்து. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். லாரிக்காரர்கள் சாப்பிடுவதுபோல வேகமாக, சத்தமில்லாமல். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தான். ராதிசாவ் தம்பியின் கிளாஸில் சாராயத்தை வழிய வழிய ஊற்றிவிட்டு, "மேஜை குடிக்கட்டும்," என்று தானே சிரித்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் மருமகனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். பேச்சு கிளம்பியது. பெர்சிதா திஹோமிரின் தட்டில் இன்னும் கொஞ்சம் போடக் குனிந்தபோது, அவன் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தான்.

"அம்மா உயிரோட இருந்த வரைக்கும் அம்மாவுக்காகச் சாப்பிடாமப் போனேன், அண்ணி. அவங்க போனதுக்கு அப்புறம் எனக்குத் தெரியல. விருந்தாளின்னா வாசலுக்கு வந்து உபசரிப்பீங்க. வீட்டு ஆளுன்னா தானா உக்காரணும். நான் இதுல எது? ஒவ்வொரு வருஷமும் அந்தத் தொப்பியை மெதுவாத்தான் மாட்டினேன்." அவன் நிமிர்ந்து பார்த்தான். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. "இந்த ஒரு வார்த்தையை நீங்க முன்னாடியே ஏன் சொல்லல?"

நான் உங்களைக் கேட்டேன் என்று பாதிரியார் சொன்னது ஞாபகம் வர, பெர்சிதா பாத்திரத்தை நிமிர்த்தினாள். அதில் இன்னும் பாதிக்கு மேல் பீன்ஸ் இருந்தது. அதை மேஜையில் வைக்காமல், இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ளித் திறந்து அடுக்களைக்குப் போனாள்.