ஊர்காவற்றுறைக்கு ஒரு சுற்றுவட்டம்

போன கிழமை தவராசா ரொறன்ரோவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கம் கட்டிய புது மண்டபம். மினுங்கும் தரை, ஒரே நிறத்தில் வரிசை வரிசையாகக் கதிரைகள். என் பொறாமை அந்தக் கதிரைகளில்தான் தொடங்கியது. முப்பது வருடம் அரசாங்கத்துக்கு உழைத்தும் நான்கு காலும் ஒரே நீளமான கதிரை எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு கமரா சுவருக்குப் போனது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம். நீலப் பென்சிலில் கடல், சிவப்பில் வீதிகள், மூலையில் வட்டமாக ஒரு தேத்தண்ணிக் கறை. அந்தக் கறை என்னுடையது. வரைபடமும் என்னுடையதுதான்.

கறையைப் பார்த்ததும் கந்தோர் யன்னலால் வரும் சாதாழை நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் கரையொதுங்கி அழுகும் அந்தக் கடற்புல்லின் நாற்றத்தோடுதான் நானும் தவராசாவும் எதிரெதிர் மேசைகளில் எழுதுவினைஞர்களாக இருந்தோம். எண்பத்து நாலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டில் உங்கள் பட்டினம் எப்படி இருக்க வேண்டும் என்பதை மூன்று பிரதிகளில் வரைந்து, இரண்டை அனுப்புக. கொழும்பில் யாரோ ஒருவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்க வேண்டும்.

நான் அதை நம்பினேன். சுற்றறிக்கைகளை நம்புவது என் பிறவிக்குணம். எட்டுக் கடையோடு பஸ் நிலையம், நூலகம், மீன்சந்தைக்குப் பக்கத்தில் ஐஸ் கட்டிடம் எல்லாம் போட்டேன். மாட்டுவண்டிகளைத் தவிர நாலைந்து வாகனங்களே ஓடிய ஊருக்கு ஒருவழிப் பாதையும், நடுச்சந்தியில் ஒரு சுற்றுவட்டமும் வரைந்தேன்.

"இரண்டாயிரத்திலை இஞ்சை ஆர் காணும் இருக்கப் போகினம்? ஆட்டுக்கே ரவுண்டபவுட்?" என்றார் தவராசா.

அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. தெற்கில் கடை வைத்திருந்த அவருடைய தகப்பன் அதற்கு முந்தின வருடக் கலவரத்தில் எல்லாவற்றையும் எரியக் கொடுத்துவிட்டு ஒரு சூட்கேசோடு ஊருக்கு வந்திருந்தார். பட்டினங்கள் எவ்வளவு வேகமாக எரியும் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். ஆனாலும் தவராசா ஆசையை விடவில்லை.

"பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்திலை ஒரு தியேட்டரையும் கீறிவிடுமன்."

கீறினேன். இரண்டு பிரதிகளை அனுப்பி, மூன்றாவதைக் கந்தோர் அலுமாரியில் கோவையிட்டேன்.

எண்பத்தாறில் ஒருநாள் தவராசா மேசைக்கு மேலால் குனிந்து, "நான் வெளிக்கிடுறன். ஏஜென்சிக்காரன் ரெண்டு பேருக்கு இடமிருக்கு எண்டவன். நீரும் வாருமன்" என்றார்.

"சம்பளமில்லா லீவுக்கு விண்ணப்பிச்சிருக்கிறன். உரிய வழியாலை வரட்டும்."

"அது வரேக்கை இரண்டாயிரமாம் ஆண்டாயிடும்."

அவர் போனார். விடுமுறைக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. பதவியை வறிதாக்கியதாக அவருக்குக் கொடுக்கும் அறிவித்தலைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒழுங்காக அனுப்பினேன். என்னுடைய விண்ணப்பமோ, மேலதிகாரியின் கையொப்பம் தெளிவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அனுப்ப நல்ல பேனை தேடிக்கொண்டிருந்தபோது தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்துவிட்டது. எங்கள் தீவே இடம்பெயர்ந்தது. கந்தோரும், அலுமாரியும், நான் ஒழுங்காகக் கோவையிட்டவை எல்லாமும் போயின.

வரைபடமும் அதோடு போனதென்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தவராசா அதைக் கோவையிலிருந்து உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அரச ஆவணத்தை அனுமதியின்றி அகற்றுவது குற்றம். அதற்கான விதி எனக்குத் தெரியும். விதிப்படி கோவையில் கிடந்தவை எல்லாம் அழிந்துவிட்டன, களவுபோன பிரதி குளிரூட்டிய மண்டபத்தில் தொங்குகிறது.

தொலைபேசியில் கூப்பிட்டு ஏசலாமென்றால் அவர் முந்திக்கொண்டார்.

"கோவியாதையும். ஒரு சிக்கல். கண்ணாடிச் சட்டம் போட்டவன் அடிவரியை மறைச்சுப்போட்டான்."

அடிவரியில் என் கையொப்பமும், 'முன்மொழியப்பட்டது' என்ற சொல்லும் இருந்தன.

"அதாலை சனம் இது உண்மையா இருந்த ஊர் எண்டு நினைக்குது. எங்கடை ஊரிலை அப்பவே ரவுண்டபவுட் இருந்தது எண்டு மேடையிலை பேசுகினம். நான் சொன்னனான், ஒருத்தரும் கேக்கினமில்லை. நீர் கீறினவர், நீர் சொன்னால் கேப்பினம்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அங்கே சனி இரவில், என்னைத் தொலைபேசி வழியாக அந்த மண்டபத்தின் திரையில் ஏற்றினார்கள். திருத்தக் குறிப்பை மூன்று பந்திகளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். பின்னால் தெரிந்த வாசலுக்கு வெளியே ஒரு பஸ் நிலையம், எட்டுக்கு மேல் கடைகள், எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பலசரக்குக் கடை. நான் கீறியதெல்லாம் அங்கே எழுந்து நின்றது. தியேட்டர்கூட இருக்கிறதாம். அந்தப் பட்டினத்தைக் கட்டிய சனம் என்னுடைய சனம், நான் மட்டும் உள்ளே இல்லை.

பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தது.

"தாத்தா, அந்த ரவுண்டபவுட்டுக்கு நடுவிலை என்ன நட்டிருந்தவை?"

வரைபடத்தில் அது வெறும் வட்டம். அவர்களிடம் எல்லாம் இருந்தது, அந்த வட்டத்துக்குள் என்ன என்பதை மட்டும் நான்தான் சொல்ல முடியும். கையிலிருந்த குறிப்பை மடித்தேன்.

"செவ்வரத்தை," என்றேன். "சிவப்பும் வெள்ளையும். பின்னேரத்திலை தண்ணி ஊத்துறது என்ரை வேலை."

மண்டபம் கைதட்டியது. தவராசா தலையைக் குனிந்துகொண்டார், சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

நாங்கள் திரும்பிக் குடியேறிய ஊரில் நேற்று அந்த நடுச்சந்தியால் சைக்கிளில் வந்தேன். காவோலையும் நாயுண்ணிப் பற்றையும்தான் கிடந்தன. எந்த அறுவான் அந்தச் செவ்வரத்தைகளைப் பிடுங்கினான் என்று எனக்கு நெடுநேரம் ஆத்திரமாக இருந்தது.